மூத்தம்மாவின் மரக் கோப்பை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் சீனி வருத்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிளினிக் கொப்பிக்குப் பக்கத்திலேயே வெந்தயம் ஊறின தண்ணி, பாகற்காய்ச் சாறு, இல்லாட்டி ஒரு மரக் கோப்பை இருக்கும். "இங்கிலீஸ் மருந்து கிட்னியைப் பழுதாக்கும், இது மரம்தானே, ஒண்டும் செய்யாது" என்பது நம்மட மூத்தம்மாமாரின் நியாயம். ஒண்டும் செய்யாதென்றால் ஏன் குடிக்கணும்?

செய்யுது. அதுதான் விசயமே. சிங்களத்தில் கோத்தல ஹிம்புட்டு, தமிழில் பொன்கொரண்டி என்று சொல்கிற கொடியின் கட்டையைக் குடைந்து செய்கிற கோப்பை அது. இரவு தண்ணி ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கொடியிலிருந்து சலசினோல் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு இன்னொன்று கிடைத்தது, அதற்குக் கொட்டலனோல் என்று நம்ம நாட்டுப் பேரையே வைத்தார்கள். நாம் தின்கிற சோறு குடலில் குளுக்கோசாக உடைய நொதியங்கள் வேண்டும். சலசினோல் அவற்றைத் தடுக்கிறது, சாப்பிட்ட பிறகு சீனி ஏறும் வேகம் குறைகிறது. அகார்போஸ் குளிசை செய்வதும் இதே வேலைதான். 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 51 நோயாளிகளுக்கு இந்தக் கொடி கலந்த தேயிலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் தேயிலை குடித்த காலத்தைவிட எச்பிஏ1சி குறைந்திருந்தது.

ஆனால் அது அளந்து போட்ட தேயிலை. நம்மட கோப்பையில் ஒரு இரவுக்கு எவ்வளவு இறங்குது? புதுக் கோப்பையும் ஆறு மாசம் பழகின கோப்பையும் ஒண்டா? இதைக் கேட்காமல் குளிசையை நிறுத்துகிறவர்களை நினைத்துத்தான் பயம். கிளினிக்கில் தருகிற மெட்போர்மினும் ஐரோப்பாவின் ஒரு செடியைத் துரத்திப் போய்க் கிடைத்ததுதான். செடியில் இருந்த சரக்கு நஞ்சாக இருந்ததால் அதன் சொந்தக்கார இரசாயனம் ஒன்று குளிசையாக வந்தது.

குளிசையை நிறுத்தாமல், டொக்டரிடம் சொல்லாமல், இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நோன்பு காலத்தில் இது பொல்லாத விளையாட்டு. கிளிக்கிளசைட் போன்ற குளிசை பட்டினி வயிற்றிலும் சீனியை இறக்கும். அஸருக்குப் பிறகு வியர்த்து நடுங்கினால் நோன்பை விடத்தான் வேண்டும், மார்க்கமும் அதற்கு இடம் தந்திருக்கிறது. உடனே நாம் ஓடிப்போய்க் கரைப்பது சீனித் தண்ணி. கடைச் சீனியும் குடலில் உடைந்த பிறகுதான் இரத்தத்துக்குப் போகும், அதை உடைக்கிற நொதியத்தையும் சலசினோல் தடுக்கிறது. அகார்போஸ் எடுப்பவருக்குச் சீனி இறங்கினால் குளுக்கோசே கொடுக்கச் சொல்வது இதனால்தான். கோப்பைக்காரருக்கும் அதே கணக்கு.

(ஃபோனில் விளம்பரம் வருகிற "நூறு வீதம் இயற்கை" பவுடர்கள் வேறு கதை. அப்படிப்பட்ட சிலவற்றுக்குள் கிளிபென்கிளமைட் குளிசையையே அரைத்துப் போட்டிருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள்.)

மூத்தம்மா ஏன் சொல்வதில்லை? ஏச்சு விழும் என்ற பயம். கோப்பை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிற டொக்டர்மாருக்கும் இதில் பங்கிருக்கிறது. "வேறென்ன குடிக்கிறீங்க உம்மா?" என்று மரியாதையாகக் கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுத ஒரு நிமிசம் போதும். கூடப் போகிற பேரப்பிள்ளைகளான நாமாவது வாயைத் திறக்கலாம், கோப்பையையே பையில் போட்டுக் கொண்டு போகலாம். நோன்புக்கு முதல் கிளினிக்கிலேயே இது நடக்கணும். வரும் வழியில் ஃபார்மசியில் ஒரு குளுக்கோஸ் பெட்டியும் வாங்குங்க.