மெட்டை விட்டுப் போன பாட்டு

பழைய பாட்டை ஆராவது மாத்திப் பாடினா "கெடுத்துப்போட்டாங்கள்" எண்டு சொல்லுறது எங்களுக்குப் பழகின கதை. அப்படிச் சொல்லுறவை 'பாடி அண்ட் சோல்' கேட்கவேணும். 1930இல் ஜோனி கிரீன் மெட்டமைத்த காதல் பாட்டு அது. 1939 ஒக்டோபரில், நியூயோர்க்கில், கோல்மன் ஹோக்கின்ஸ் சக்சபோனில் வாசித்தார். தொடக்கத்தில் மெட்டு கொஞ்சம் தெரியும். பிறகு மூன்று நிமிடம் முடியுமட்டும் கோர்ட்ஸை மட்டும் பிடிச்சுக்கொண்டு மனுசன் தன்பாட்டில போறார். சனம் விரும்பி வாங்கினது அந்த இசைத்தட்டைத்தான்! அப்ப கெட்டது எது? 1940இல் பிலி ஹொலிடே பாடினா, 1960இல் கோல்ட்ரேன் வாசித்தார். 2011இல் டோனி பெனட்டோட ஏமி வைன்ஹவுஸ் பாடினதுதான் அவவின்ர கடைசி ஒலிப்பதிவு. எங்களுக்கு அதுவும் அசல்தான். முதலில் ஹோக்கின்ஸ், பிறகு ஏமி எண்ட ஒழுங்கில கேட்டுப் பாருங்கோ.