என்ஜின் பேசுகிறது, கேட்பது யார்?

ஆட்டோமொபைல் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிற நம்மில் எத்தனை பேருக்கு, ஓடுகிற என்ஜின் பக்கத்தில் நின்று அது நல்லா இருக்கா, நோயில கிடக்கா என்று சொல்லத் தெரியும்? கோபித்துக்கொள்ள வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக்கையும் படம் வரைந்து பாகம் குறிக்கிறோம். பாதியாக அறுத்துப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் என்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கிறோம். அறுத்த என்ஜின் எங்கே சத்தம் போடும்?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. செலவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பட்டறையில் கூலிக்கு நிற்கிறேன். அங்குள்ள மெக்கானிக் அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் சும்மா இரு, அது ஏதோ சொல்லுது" என்பார்.

'மேல் சத்தம்', 'கீழ் சத்தம்' என்று அவர் பிரிப்பதற்கு நம் புத்தகத்திலேயே காரணம் இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. என்ஜின் 800 ஆர்.பி.எம்.மில் சும்மா ஓடும்போது ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறைதான் திறக்கும். ஆகவே டேப்பட் இடைவெளி கூடினால் வரும் 'டிக் டிக்' நிதானமாக, மேலிருந்து கேட்கும். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக, அதைவிட வேகமாக, லோடு ஏற ஏற அதிகமாகக் கேட்டால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒயரை மட்டும் கழற்றிப் பார்க்கும்போது அந்தச் சத்தம் அடங்கினால் குற்றவாளி அந்தச் சிலிண்டரில்தான். காலையில் குளிர்ந்த என்ஜினில் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவதாக இருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் ஒழுகும் 'டிக் டிக்'கும் அப்படித்தான் மறையும். டேப்பட் என்று ஏமாந்துவிடக் கூடாது! ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்தும் பெல்ட்டைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது அறுந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது.

"அதுக்குத்தான் ஸ்கேனர் இருக்கே" என்று ஒரு நண்பன் சிரித்தான். ஸ்கேனர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்சார் இருக்கும் இடத்து நோயைத்தான் அது சொல்லும். பேரிங் ஷெல் எவ்வளவு தேய்ந்தது என்று அளக்கச் சாதாரணக் காரில் எந்தச் சென்சாரும் கிடையாது. எங்கள் தெருவில் ஒருவர் கடன் வாங்கி டாக்சி ஓட்டினார். 'டொக் டொக்' கேட்கிறதே என்று ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். ஸ்கேனரில் கோடு எதுவும் வரவில்லை, தாராளமா ஓட்டுங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்து வெளியே வந்தது. வண்டி நின்றது, தவணை நிற்கவில்லை. ஆயில் அளவைப் பார்த்து, அழுத்தத்தை அளந்து, ஐந்து நிமிடம் காது கொடுத்திருந்தால் ஷெல்லோடு போயிருக்கும் செலவு அது!

காதை இளக்காரம் செய்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். இன்றைய பெட்ரோல் கார்களில் பிளாக்கில் ஒரு நாக் சென்சாரை முறுக்கி வைத்திருக்கிறார்களே, அது என்ன? சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை தாறுமாறாக வெடிக்கும் அதிர்வைக் கேட்டு, இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளச் சொல்லும் காதுதானே அது? கம்ப்யூட்டருக்கே காது வேண்டியிருக்கிறது, டிப்ளமோக்காரனுக்கு வேண்டாமா?

நம் பணிமனைக்குப் புது என்ஜின் கேட்கவில்லை. தேய்ந்துபோன, ஆனால் ஓடுகிற பழைய என்ஜின் ஒன்று போதும். டேப்பட்டை வேண்டுமென்றே தளர்த்தி வைத்து, வாய்மொழித் தேர்வில் "என்ன சத்தம், எங்கே?" என்று கேட்கட்டும். பட்டறை அண்ணன்களை வருடம் இரண்டு நாள் வரவழைத்து, வரும் நாளுக்குக் கூலியும் கொடுக்கட்டும். பேரவை இந்தக் கோரிக்கையை முதல்வர் ஐயாவிடம் எழுத்தில் தர வேண்டும். கையெழுத்து வாங்க நான் தயார். செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்த பேரிங் ஷெல்கள் இரண்டு என் பையில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் பணிமனை வாசலுக்கு வாருங்கள்.