அம்மாவின் எழுத்து

சென்னையிலிருந்து வடக்கே கிளம்பும் புறநகர் ரயில்களில் பல, சூளூர்பேட்டையோடு திரும்பிவிடும். ராக்கெட் தளமான ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறவர்களும் இங்கேதான் இறங்குகிறார்கள். சில மாதங்களுக்கு முன் அந்த ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு தாயும் எட்டு வயது மகனும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செய்யாறு பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். பையன் உள்ளூர் தெலுங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எதிரே இருந்த விளம்பரப் பலகையை அவன் எழுத்துக்கூட்டிப் படித்து அம்மாவுக்கு அர்த்தம் சொன்னான். வடை மடித்து வந்த தமிழ்ப் பேப்பரை அம்மா படித்து அவனுக்குச் சொன்னாள். இருவரும் பேசுவது தமிழ்தான். ஆனால் மகனின் எழுத்து தாய்க்குத் தெரியாது. தாயின் எழுத்து மகனுக்குத் தெரியாது.

பிழைக்கப் போன இடத்தில் இந்தச் சங்கடத்தை எதிர்கொண்டவர்களில் நியூயார்க்கின் யூதத் தொழிலாளர்களை மறக்க முடியாது. 1881-க்கும் 1924-க்கும் இடையே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதிக்குத் தையல் பட்டறைகளே கதி. 1911-ல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம் பெண்கள். யூதர்களின் வீட்டு மொழி இத்திஷ். படித்த யூதர்களே அதைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். பேசியவர்களோ அதை ‘அம்மா மொழி’ என்றார்கள்.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்றார்கள். பெற்றோர்கள் அதைத் தடுக்கவில்லை. ஆனால் நோய்க்கும் சாவுக்கும் உதவ அவர்கள் அமைத்திருந்த ‘தொழிலாளர் வட்டம்’ போன்ற சங்கங்களின் மூலம், பள்ளி முடிந்த பிறகு மாலையில் நடக்கும் இத்திஷ் வகுப்புகளைத் தொடங்கினார்கள். மத போதனை கிடையாது. ஷோலம் அலைக்கெம் கதைகள், யூத சரித்திரம், பாட்டு, வேலைநிறுத்தம் என்றால் என்ன என்ற விளக்கம் – இதுதான் பாடத்திட்டம். உள்சண்டைக்கும் குறைவில்லை. கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் பிரிந்து 1930-ல் தனிச் சங்கம் கண்டு தனிப் பள்ளிகள் நடத்தினார்கள். பணவிஷயத்தில் குறையில்லாத அந்தச் சங்கத்தை, அரசியலைக் காரணம் காட்டி நியூயார்க் மாநில இன்ஷூரன்ஸ் துறை கோர்ட்டுக்கு இழுத்து, 1954-ல் கலைக்க வைத்தது. அந்தப் பள்ளிகளை நடத்தியவர்களில் ஒருவரான இட்சே கோல்ட்பர்க் 2006-ல் 102 வயதில் இறக்கும்வரை இத்திஷ் பத்திரிகைக்காக உழைத்துக்கொண்டிருந்தார்.

நம்மவர்கள் மலாயா போனபோது கதை தலைகீழாக இருந்தது. அங்கே தாய்மொழிப் பள்ளியை நடத்தியது துரை. பள்ளி வயதுக் குழந்தைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அவரும் ஒரு கொட்டகை போட்டார். கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ வாத்தியார். நாலைந்து வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு பையன் அப்பாவோடு பால்வெட்டப் போனான். தமிழ் படித்ததாலேயே அவன் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியவில்லை. தாய்மொழிக் கல்வி என்றாலே நல்லது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கொட்டகையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ‘தமிழ் நேசன்’ உதவி ஆசிரியர் ஆர்.எச்.நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். கோரிக்கைப் பட்டியல் இன்றும் படிக்கத் தக்கது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழித்தல் – இவற்றோடு பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. சைக்கிளும் பள்ளியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதில் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டும் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பிறகு நிலைமை மாறியது. தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் போன முஸ்லிம்கள் 1946-ல் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கி, அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை வைத்தார்கள். பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982-ல் மூடப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரும்போது முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ.சாரங்கபாணி, திருவாரூரிலிருந்து போன சுயமரியாதைக்காரர், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். தன் பிள்ளை எட்டிக்கூடப் பார்த்திராத பல்கலைக்கழகத்துக்குப் பால்வெட்டும் தொழிலாளி பணம் கொடுத்தார் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். துறை 1956-ல் தமிழோடு தொடங்கியது.

இன்று மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் நகரத்துக்குப் போய்விட, சில பள்ளிகள் செம்பனைக்கு நடுவே விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு நிற்கின்றன. ஆறாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளை மலாய் மொழியில் படிக்க வேண்டும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. அதை அலட்சியம் செய்வது நியாயமில்லை. நியூயார்க்கின் மாலைப் பள்ளிகளோ அநேகமாக மறைந்துவிட்டன. பேரப்பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். அதனால் அவை தோற்றுவிட்டன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தையல் மெஷின் முன்னால் அம்மா என்ன பாடுபட்டாள் என்பதை அம்மாவின் வார்த்தையிலேயே ஒரு தலைமுறை படித்துத் தெரிந்துகொண்டது.

சூளூர்பேட்டையில் அந்தத் தாயிடம், “பையனுக்குத் தமிழ் சொல்லித் தர யாராவது இருக்காங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இங்க யாரு சார் இருக்கா? ஞாயித்துக்கிழமை நானே கொஞ்சம் சொல்லித் தரேன். மத்த நாள்ல வேலை முடிஞ்சு வந்தா கண்ணு சொருகிடுது. ‘ழ’ எழுதத்தான் அவனுக்கு வரமாட்டேங்குது” என்றாள்.