அந்த முக்கோணம் என்ன சொல்லுது?

போன செமஸ்டர் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரிஜிஸ்ட்ரேஷன் தளம் செஞ்சது நாங்க மூணு பேர். ஒரு வொர்க்‌ஷாப்புக்கு லேபில் இருந்தது 40 சிஸ்டம். பதிவு செய்தவர்கள் 90-க்கும் மேல. முதலில் பதிவு செய்பவருக்கே இடம் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் வாலன்டியர் ஒருத்தன் போனில் அட்மின் பக்கத்தைத் திறந்து, 'பதிவு நேரம்' என்ற ஹெடரைத் தட்டினான். பக்கத்தில் ▼ வந்தது. மேலிருந்து 40 பேரை எடுத்து கன்ஃபர்மேஷன் மெயில் அனுப்பிட்டான்.

மறுநாள் காலையில் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு வந்து நின்னா. "அண்ணா, லிங்க் வந்த அன்னைக்கே ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். எனக்கு மெயில் வரல. நேத்து பண்ண என் ஃப்ரெண்டுக்கு வந்திருக்கு."

பார்த்தால், மெயில் போனது கடைசியாகப் பதிவு செய்த 40 பேருக்கு. போன் திரையில் இடம் பத்தாமல் தேதி வெட்டுப்பட்டு நேரம் மட்டும் தெரிந்ததால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அனுப்பிய மெயிலைத் திரும்ப வாங்க முடியாது. சார்கிட்ட பேசி, சொந்த லேப்டாப் கொண்டு வரக்கூடியவர்களைப் பின்னால் உட்கார வைத்தோம். அந்தப் பொண்ணுகிட்ட லேப்டாப் இல்லை.

எல்லாரும் வாலன்டியரைத் திட்டினார்கள். நான் தப்பு எங்க மேலதான் என்கிறேன். ▼ என்பதை "மேலிருந்து கீழே போகப் போக நேரம் கூடுது" என்று அவன் படித்தான். நாங்கள் "இறங்குவரிசை, புதுசு மேல" என்று நினைத்துப் போட்டிருந்தோம். இரண்டுக்குமே நியாயம் இருக்கு.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஏறுவரிசைக்கு மேல்நோக்கிய அம்பு. ▲ வடிவத்தையே பாருங்க, மேலே குறுகல், கீழே அகலம். சின்னது முதலில், பெரியது கடைசியில். ஆனால் லினக்ஸ் பக்கம் ஜிடிகே 3-ன் ஆவணத்தைத் திறந்தால், கீழ்நோக்கிய அம்புதான் ஏறுவரிசை, அதுவே டீஃபால்ட் என்று இருக்கும். அதைத் தலைகீழாக்க ஒரு தனி செட்டிங் வேற கொடுத்திருக்காங்க! செட்டிங் வைக்கிற அளவுக்கு இதில் கருத்து வேறுபாடு இருக்குன்னு அர்த்தம்.

இதோட முடியலை. அம்பு இப்போதைய நிலையைக் காட்டுதா, தட்டினால் என்ன ஆகும் என்பதைக் காட்டுதா? யூடியூபில் வீடியோ ஓடும்போது தெரிவது பாஸ் பட்டன். அதாவது, தட்டினால் நடக்கப் போவது. அதே கண்ணோட ஒருத்தர் டேபிள் ஹெடரைப் பார்த்தால் அர்த்தம் அப்படியே தலைகீழ். எல்லா ஹெடரிலும் ▲▼ இரண்டையும் சாம்பல் நிறத்தில் வைத்து, ஒன்றை மட்டும் கொஞ்சம் கருப்பாக்குற ஸ்டைல் இன்னும் மோசம். எங்க செமினார் ஹால் புரொஜெக்டரில் அந்த இரண்டு சாம்பலும் ஒண்ணுதான்.

"யூசர் பழகிக்குவான்டா" என்பது டீமில் வழக்கமாக வரும் பதில். தினமும் திறக்கிற ஃபைல் மேனேஜருக்கு அது சரி. வருஷத்துக்கு ஒரு தடவை அவசரத்தில் திறக்கிற சிம்போசியம் லிஸ்டிலோ ஸ்காலர்ஷிப் லிஸ்டிலோ எப்போ பழகுறது?

அதனால் என் கட்சி இது: அம்பு இருக்கட்டும், ஆனால் வார்த்தையில் எழுதுங்க. டேபிளுக்கு மேலே ஒரு வரி: 'பதிவு நேரம்: பழையது முதலில்'. மதிப்பெண் என்றால் 'அதிகம் முதலில்'. 'ஏறுவரிசை' என்று எழுதினால்கூட தேதி விஷயத்தில் ஒரு நொடி யோசிக்கணும். 'பழையது முதலில்' என்றால் யோசிக்க ஒண்ணுமில்லை. கூடவே, இப்போது சார்ட் ஆகியிருக்கும் ஹெடரில் மட்டும் ஏரியா-சார்ட் ஆட்ரிபியூட்டை வைக்கணும், அசெண்டிங் அல்லது டிசெண்டிங் என்று. ஸ்க்ரீன் ரீடர் வைத்துப் படிப்பவருக்கு நம்ம முக்கோணத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வரிசையைச் சொல்வது அந்த ஒரு வரி கோடுதான்.

அம்பு சரியாக இருந்து வரிசையே தப்பாக இருப்பதும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 5, 40, 100 என்ற எண்களைச் சும்மா சார்ட் பண்ணிப் பாருங்க. 100, 40, 5 என்று வரும், ஏன்னா அது எண்ணை எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் இன்னொரு கூத்து. யூனிகோடில் 'ன' உட்கார்ந்திருப்பது 'ந'வுக்கு அடுத்து. நாம் படித்த அகரவரிசையில் அது மெய்களில் கடைசி. இன்டில் கொலேட்டரில் தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும். நான் இங்கிலீஷ் மீடியம், எனக்கே இது கோடு எழுதும்போதுதான் தெரிந்தது.

எங்க தளத்தில் இப்போ மாற்றியாச்சு. முதல் தட்டலுக்குப் பழையது மேலே வரும், தேதி வெட்டுப்படாது, டேபிளுக்கு மேலே அந்த வரி இருக்கு. டிசைன் கெட்டுப்போச்சுன்னு டீமில் ஒருத்தன் இன்னமும் சொல்லிட்டிருக்கான்.