பத்தியம் பட்டினி ஆகலாகாது

வள்ளலார் 1867ஆம் ஆண்டு வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பசித்தவர் எவராயினும் அங்கு உணவு உண்டு. அதே ஊர்ப்பக்கத்திலிருந்து எங்களிடம் வரும் குடல் அழற்சி நோயாளர் பலர், வீட்டில் உணவிருந்தும் பட்டினி கிடக்கின்றனர். அன்பு மிகுந்த குடும்பத்தாரே தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுகின்றனர்.

வயிற்றைக் காயப்போடுவது ஒருநாள் அஜீரணத்துக்குப் பொருந்தலாம். குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் ஆண்டுக்கணக்கில் நீள்பவை. அழற்சி மிகும்போது உடலின் புரதத் தேவை கூடுகிறது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். அதாவது, 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமேனும் தேவை. நாள் முழுதும் 150 கிராம் அரிசியைக் கஞ்சியாக்கிக் குடித்தால் கிடைப்பது ஏறக்குறைய 10 கிராம்தான். கஞ்சியை நாங்கள் பழிக்கவில்லை. மாதக்கணக்கில் அதுவே உணவானால் தசை கரைகிறது, பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்படுகிறது. குழைந்த பாசிப்பருப்பு, தயிர், உண்பவர்க்கு முட்டை, மீன் ஆகியவற்றை விலக்கக் காரணமில்லை. பால் ஒவ்வாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும்.

சன்மார்க்க நெறியில் புலால் மறுத்தவர்களிடம் நெறியை மாற்றும்படி நாங்கள் கேட்கமாட்டோம். ஆயினும் ஒன்றை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். வைட்டமின் பி12 பால், தயிரில் ஓரளவு உண்டு. காய்கறி, தானியங்களில் இல்லை. சிறுகுடலின் கடைப்பகுதியே அதனை உறிஞ்சுகிறது. குரோன் நோய் பெரும்பாலும் தாக்குவதும் அப்பகுதியையே. ஆகவே இரத்தப் பரிசோதனையும், குறைவிருப்பின் ஊசியும் தவிர்க்கவொண்ணாதவை.

விலக்க வேண்டியவையே இல்லை என்பதன்று. குடல் சுருங்கியிருப்பவர்க்கு வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு போன்ற நார் மிகுந்தவை அடைப்பை உண்டாக்கக்கூடும். அத்தடை அவர்களுக்குரியது, அண்டை வீட்டு நோயாளர்க்கும் அது விதியாகிவிடக்கூடாது. மிளகாயைக் குறைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை.

உணவும் மருந்தாகும் என்பது வெறும் வழக்காறன்று. குரோன் நோயுற்ற சிறுவர்க்கு, மருத்துவர் மேற்பார்வையில் 6 முதல் 8 வாரங்கள் வரை முழுச்சத்துள்ள நீர்ம உணவை மட்டுமே அளித்து அழற்சியைத் தணிப்பது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை. எனவே மருந்துச்சீட்டு எழுதும் நாளிலேயே உணவியல் வல்லுநரையும் காணச் செய்வது மருத்துவமனைகளின் கடமை என்பது எங்கள் உறுதியான கருத்து. எடை மூன்று கிலோ இறங்கிய பின் அனுப்புவது காலந்தாழ்ந்த செயல்.

மாதந்தோறும் எடையைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை வரும்போது அத்தாளோடு, இதுவரை நிறுத்திய உணவுகளின் பட்டியலையும் கொண்டுவாருங்கள். எவற்றைத் திரும்பத் தட்டில் சேர்க்கலாம் என்று சேர்ந்தமர்ந்து பார்ப்போம்.