விமானத்தை உயர்த்துதல் சில்லறை வேலையன்று

சிறு விமானத்தின் சக்கரக் கால்களைச் செப்பனிட வேண்டுமாயின், முதலில் அதனைத் தரையினின்று சிறிது உயர்த்தியாக வேண்டும். டயர் மாற்றுதல், பிரேக்கைப் பரிசோதித்தல், அதிர்வு தாங்கியைப் பிரித்துப் பார்த்தல், மடங்கும் சக்கரங்களை மடக்கி நீட்டிச் சோதித்தல் ஆகிய பல வேலைகளுக்கு இதுவே முதற்படி. ஆயினும், இஞ்சினீயரின் கவனத்திற்கு உரியதன்று என்று எண்ணி, இதனை உதவியாளரிடம் விட்டுவிடும் வழக்கத்தைப் பல கொட்டகைகளில் கண்டிருக்கிறேன். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே என் கருத்து.

நான் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். இறக்கை தாழ அமைந்த பயிற்சி விமானம் ஒன்று, இரு இறக்கைகளின் கீழும் ஜாக்கி வைத்து உயர்த்தப்பட்டிருந்தது. வாலுடன் பிணைத்த தாங்கியின் அடிப்பலகையில் மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவை நிறுத்திவைக்க, ஓர் இளைஞர் அம்மூட்டைகளில் இரண்டை எடுத்துச் சென்றார். விமானத்தின் மூக்கு மெல்லத் தாழத் தொடங்கியது. மெக்கானிக் ஒருவர் உரக்கக் கூவவே, இருவர் ஓடிவந்து வால்புறத்தை அழுத்திப் பிடித்தனர். நல்ல வேளையாக எவருக்கும் காயமில்லை. அவ்விளைஞர் சோம்பேறியுமல்லர், அறிவிலியுமல்லர். மூட்டைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

காரணம் எளிது. மூக்குச் சக்கரமுள்ள விமானத்தில் புவியீர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குச் சற்று முன்னே இருக்கும். பைப்பர் செரோக்கி போன்ற விமானங்களில், இறக்கையின் ஜாக்கிப் புள்ளிகளும் இம்மையத்திற்குப் பின்னே அமைவதால், உயர்த்தியதும் மூக்கு தாழ முற்படும். வாலில் வைக்கும் எதிர்ப்பளுவே அதனைத் தடுக்கிறது. இம்மையமோ நிலையானதன்று. எஞ்சினைக் கழற்றினால் அது பின்னோக்கி நகரும். விமானத்தினுள் ஒருவர் ஏறினாலும் இடம் மாறும். ஆகவே உயர்த்துதல் என்பது வலிமையைப் பொறுத்ததன்று, சமநிலையைப் பொறுத்தது. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். அட்டையில் வெட்டிய விமானத்தை இரு பென்சில் முனைகளின்மேல் வைத்து, வாலில் ஒரு நாணயத்தை ஏற்றியும் இறக்கியும் காட்டினால், மாணவர் அதனை எளிதில் மறவார்.

ஒவ்வொரு விமானத்திற்கும் முறை வேறு. நம் பயிற்சிக் கழகங்களில் பழக்கமான செஸ்னா 172 விமானத்தில், பிரதான சக்கரக் கால் வளையும் எஃகினால் ஆனது. காலில் பொருத்தும் துண்டின் கீழ் ஜாக்கி வைத்து உயர்த்தும்போது, கால் பளு நீங்கி உள்நோக்கி நகரும். ஜாக்கியும் உடன் சாயும். எனவே ஒருமுறை இறக்கி, ஜாக்கியை நேராக்கி, மீண்டும் உயர்த்த வேண்டும். இம்முறையில் இரு சக்கரங்களையும் ஒருங்கே உயர்த்துதல் கூடாது. பிரேக்கின் வார்ப்புப் பகுதியை ஜாக்கிப் புள்ளியாகக் கொள்வதும் தவறு. இவற்றை ஊகித்து அறிய இயலாது. தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைப் படித்தே அறிய வேண்டும்.

ஜாக்கியைப் பற்றியும் ஒரு சொல். பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதைப் போல் 20 மடங்கானால், உராய்வு நீங்கலாக, 20 கிலோகிராம் விசை 400 கிலோகிராம் எடையை உயர்த்தும். இது பாஸ்கல் விதி. ஆனால் அந்த எண்ணெயை உள்ளே நிறுத்தி வைப்பது ஒரு சிறு ரப்பர் வளையமே. அது தேய்ந்திருந்தால் பளு மெல்ல இறங்கும். அறுந்தால் திடீரென விழும். ஆதலால் உயர்த்திய உடனே திருகுப் பூட்டு வளையத்தை இறுக்கிவிடல் வேண்டும். எண்ணெய் உயர்த்துவதற்கு, பூட்டே தாங்குவதற்கு.

காற்றையும் மறத்தலாகாது. தூக்குவிசை காற்று வேகத்தின் இருமடியாக மாறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் முழு எடையையும் தாங்கும் இறக்கை, அதே கோணத்தில் 50 கிலோமீட்டர் வேகக் காற்றில் கால் பங்கைத் தாங்கும். 1,100 கிலோகிராம் விமானத்தில் அது 275 கிலோகிராம்! கோணம் சிறிதாயின் விசையும் குறையும். எனினும் ஜாக்கியின் முனையிலிருந்து விமானத்தை நழுவச் செய்ய அத்துணை விசை தேவையில்லை. எனவே கொட்டகைக்குள், கதவுகளை மூடி உயர்த்துவதே முறை.

இவ்வளவு செய்திகள் அடங்கிய வேலையைச் சிறு வேலை என்பது எங்ஙனம் பொருந்தும்? ‘நேரமில்லை, ஆளில்லை’ என்று சிலர் கூறுவர். விழுந்த விமானத்தைச் சீர்செய்ய ஆகும் நேரத்தை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். நசுங்கிய கைக்கோ கணக்கே இல்லை.

பயிற்சி நிலையங்களுக்கும் களப் பணியாளருக்கும் நான் வேண்டுவன மூன்று. ஒன்று, உயர்த்தும்போதும் இறக்கும்போதும் ஒருவரே கட்டளையிடுக; ஏனையோர் அவர் சொல்லின்றி எதையும் தொடாதிருக்க. இரண்டு, எதிர்ப்பளுவின்மீது ‘எடுக்காதே’ என்று மட்டுமன்றி, எடுத்தால் என்ன நேரும் என்பதையும் எழுதிவைக்க. மூன்று, பராமரிப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு விமானத்தை உயர்த்திப் பூட்டி, பின்பு அடியிலுள்ள ஏணியையும் முக்காலியையும் அகற்றி, சமமாக இறக்கிக் காட்டிய பின்னரே தேர்ச்சி பெற்றவராகக் கருதப்படுக.

விதியை மட்டும் அறிந்தவர், மேற்பார்வையாளர் இல்லாதபோது அதனை மீறக்கூடும். காரணத்தை அறிந்தவரோ தனித்திருக்கும்போதும் மணல் மூட்டையைத் தொடமாட்டார். அத்தகையோரை உருவாக்குவது ஆசிரியரின் கையில் உள்ளது.