ரூம்மேட் வந்தாச்சு, அக்ரிமென்ட்டில் பேர் வந்துச்சா?

சென்னையில் டூ பிஎச்கே வீடு, நண்பர் பெயரில் அக்ரிமென்ட். பாதி வாடகையை மாசாமாசம் ஜிபேயில் அவருக்கு அனுப்புறீங்க. பாதி அட்வான்ஸும் கொடுத்தாச்சு. ஹவுஸ் ஓனருக்கும் உங்களைத் தெரியும். திடீர்னு நண்பருக்கு பெங்களூருவில் வேலை கிடைச்சு கிளம்பிட்டார்னா, அந்த வீட்டில் நீங்க யார்? காகிதத்தைப் பொறுத்தவரை யாருமே இல்லை. அட்வான்ஸ் கூட அவர் கைக்குத்தான் திரும்பிப் போகும்.

நண்பருக்கும் ரிஸ்க் உண்டு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ இன்னொருவருக்கு விட்டால், காலி செய்யச் சொல்ல அதுவே ஒரு காரணம். கூடத் தங்குவது எல்லாமே உள்வாடகை ஆகிவிடாதுதான். ஆனால் மனஸ்தாபம் வந்தபிறகு ஓனர் அப்படித்தான் வாதிடுவார். கல்யாணமாகி மனைவியோ கணவரோ வந்து சேர்வது வேறு விஷயம், அது குடும்பம்.

“அதான் வாட்ஸ்அப்பில் ஓகே சொன்னாரே” என்பதை நம்பி உட்கார வேண்டாம். பழைய ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு ஒரு துணை ஒப்பந்தம் போட்டு, ஓனர், நண்பர், நீங்கள் மூன்று பேரும் கையெழுத்து போட்டால் போதும். எந்தத் தேதியில் இருந்து நீங்களும் வாடகைதாரர், அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு, ஒருவர் மட்டும் கிளம்பினால் என்ன ஆகும் என்ற மூன்றும் அதில் இருக்கணும். பழைய ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகி இருந்தால், மாற்றத்தையும் அங்கே தெரிவித்துவிடுவது நல்லது. 11 மாத ஒப்பந்தம் முடியப்போகிறது என்றால், ரெண்டு பேர் பெயரிலும் புதுசாவே போட்டுவிடலாம்.

பேர் சேர்ந்தால் பொறுப்பும் சேரும். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கடனை இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்கலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவு. நண்பர் 3 மாசம் கொடுக்கலைன்னா, ஓனர் உங்க கதவைத்தான் தட்டுவார். ‘என் பங்கை நான் கொடுத்துட்டேன்’ என்பது ஓனரிடம் எடுபடாது. கட்டிவிட்டு, நண்பரிடம் அவர் பங்கை வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

லாபமும் இருக்கு. பழைய வரிமுறையில் இருப்பவர்கள், தாங்கள் கொடுக்கும் பங்குக்கு எச்ஆர்ஏ கேட்கும்போது அக்ரிமென்ட்டில் பேர் இருந்தால் ஆபீஸில் கேள்வி வராது. வாடகை வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் வேணும்.

பேர் சேர்க்கணும்னு கேட்டாலே “தண்ணி செலவு ஏறும், வாடகையைக் கூட்டு” என்கிறார்கள் சில ஓனர்கள். ஆனால் வாடகைக்குப் பதில் சொல்ல இன்னொரு ஆள் கிடைப்பது அவர்களுக்கும் லாபம்தானே? கூடுதல் அட்வான்ஸ் கேட்டால் இதை ஞாபகம் வச்சுக்கோங்க: வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, சட்டப்படி 3 மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. சென்னையில் 10 மாசம் கேட்பது வழக்கம்தான், சட்டம் இல்லை.

கிளம்பும்போதும் இதே வேலை இருக்கு. சாவியைக் கொடுத்துட்டுப் போனால் பேர் தானாக அழியாது. விலகும் தேதியை எழுதி, ஓனரிடம் கையெழுத்து வாங்கிட்டு வண்டி ஏறுங்க.